வெயிலுக்கு எத்தனை டேமேஜ்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரூல் புக்கை அப்படியே நம்பினா, சித்திரை மாசம் மதுரையில காலைல ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பற மனுசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே மயங்கி விழுந்துடணும். நான் சொல்லலைங்க, புத்தகத்துல போட்டிருக்கு.

கணக்கு இதுதான். 2003-ல வந்த 3.5 பதிப்புல 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா 'ரொம்பச் சூடு'ன்னு ஒரு வகை. நம்ம அளவுல 32 டிகிரி செல்சியஸ். மதுரைக்காரங்க சிரிக்கக்கூடாது. 32 டிகிரின்னா நமக்கு மாசி பொறந்துடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான் :-) அந்தச் சூட்டுல நடமாடுறவன் மணிக்கு ஒரு தடவை இருபது முகப் பகடையை உருட்டணும். முதல் மணி நேரம் 15 விழணும். அடுத்த மணிக்கு 16, அதுக்கடுத்து 17ன்னு ஏறிக்கிட்டே போகும். தவறினா நாலு முகப் பகடையை உருட்டி, அதுல விழுற அளவுக்கு அடி. இந்த ஆட்டத்துல வீரன், மந்திரவாதி இல்லாத சாதாரண சனத்துக்கு உசுருப் புள்ளி மொத்தமே ஒன்னுலேருந்து நாலுதான் இருக்கும். ஆக, மாசி வீதியில தலையில கூடையோட நடக்கிற அக்காவும், சிம்மக்கல்லுல மூட்டை தூக்குற அண்ணனும் ரெண்டு மூணு உருட்டல்ல காலி.

ஒரே ஒரு சலுகை இருக்கு. காட்டுல பிழைக்கத் தெரிஞ்ச ஆளா இருந்து, பாதி வேகத்துல நடந்தா ரெண்டு புள்ளி கூட்டிக்கலாம். ஒரே இடத்துல அசையாம உட்கார்ந்துட்டா நாலு புள்ளி. மத்தியானம் ரெண்டு மணிக்கு மதுரையில கடைக்காரர் ஏன் கல்லாவுலேயே சாய்ஞ்சு கண்ணை மூடுறாருன்னு இப்பப் புரியுதா? சோம்பேறித்தனம் இல்லை சாமி, நாலு புள்ளி.

2014-ல வந்த ஐந்தாம் பதிப்புல இதைக் கொஞ்சம் சரி பண்ணினாங்க. வெயில் கணக்கே 100 டிகிரி ஃபாரன்ஹீட்லதான் ஆரம்பிக்குது. அந்த வெக்கைக்கு இயல்பாவே பழகின உயிர்கள் பகடை உருட்டாமலே பாஸ். பதினோரு வருசம் கழிச்சு மதுரைக்காரன் ஒருவழியா தேறிட்டான்!

*

இந்த ஆட்டம் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது கம்ப்யூட்டர் கேம் இல்லை. மேஜையைச் சுத்தி நாலஞ்சு பேர் உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அந்தக் கதைக்குள்ள நடமாடுறது. 'நான் கதவைத் திறக்குறேன்', 'நான் ஓடி ஒளியுறேன்'ன்னு வாயால சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கிறதைப் பகடை முடிவு பண்ணும். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. பாட்டி கதை சொல்லும்போது நடுவுல புகுந்து 'நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்'னு பேரன் அடம்பிடிப்பான் பாருங்க, அதை ஒழுங்குபடுத்தி புத்தகமா போட்டா இதுதான்.

அதுல நிலத்துக்குன்னே தனி விதிநூல்கள் வந்திருக்கு. 1986-லேயே பாதாளத்துக்கு ஒன்னு, காட்டுக்கு ஒன்னுன்னு ரெண்டு 'சர்வைவல் கைடு' போட்டாங்க. அப்புறம் வரிசையா மூணு: 2004-ல பனிநிலத்துக்கு 'ஃப்ராஸ்ட்பர்ன்', 2005-ல பாலைவனத்துக்கு 'சாண்ட்ஸ்டார்ம்', அதே வருசம் கடலுக்கு 'ஸ்டார்ம்ரேக்'. சாண்ட்ஸ்டார்மோட பழைய பிரதி ஒன்னு என்கிட்ட இருக்கு. நல்லாவே எழுதியிருக்காங்க. மணலுக்குள்ள மீன் மாதிரி நீந்துற ஒரு இனமே அதுல இருக்கு. மணல் புயல், கானல் நீர், தண்ணிக் கணக்கு எல்லாம் வரும். சும்மா அடிச்சு விட்ட புத்தகம் இல்லை.

ஆனா அட்டையைப் பாருங்க. மூணுக்கும் துணைத் தலைப்பு ஒரே அச்சு. பனியின் ஆபத்துகள், மணலின் ஆபத்துகள், அலையின் ஆபத்துகள், அதையெல்லாம் வசப்படுத்துவது எப்படி. நிலம்னாலே ஆபத்து. அது உன்னைக் கொல்லப் பாக்குது. நீ தாக்குப்பிடிக்கணும்.

இது எங்கேர்ந்து வந்ததுன்னு தேடினப்ப ஒரு சுவாரசியமான விசயம் சிக்குச்சு. 1974-ல வந்த முதல் பெட்டியிலேயே, ஊருக்கு வெளிய கதை நடக்குறப்போ வரைபடமா வச்சுக்க 1972-ல வந்த 'அவுட்டோர் சர்வைவல்'ங்கிற இன்னொரு கம்பெனி ஆட்டத்தோட பலகையைப் பரிந்துரை பண்ணியிருந்தாங்க. அது என்ன ஆட்டம்? காட்டுல வழி தவறினவன் பசியிலயும் தாகத்துலயும் சாகாம வெளிய வர்ற ஆட்டம். ஆக, ஆரம்பத்துலேயே நிலம்ங்கிறது வழிதவறி வந்தவனோட கண்ணுல பட்ட நிலம். அங்கேயே பொறந்து வளர்ந்தவனோட நிலம் இல்லை.

*

இதைப் படிக்கப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடத் தமிழய்யாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. நிலத்துக்கு விதிநூல்னா நம்மகிட்ட இல்லாததா?

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை மார்க் வாங்குறதுக்கு இல்லாம, ஒரு ரூல் புக்கா எடுத்துப் படிச்சுப் பாருங்க. அசந்துடுவீங்க. மூணு அடுக்கு. முதற்பொருள்னா நிலமும் பொழுதும். கருப்பொருள்னா அந்த நிலத்துல இருக்கிறது எல்லாம்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ்னு எட்டு இனம் பேர் சொல்லியே வருது. பூ, ஊர், தண்ணின்னு பின்னாடி வந்தவங்க நீட்டிக்கிட்டே போனாங்க. மூணாவது உரிப்பொருள். அந்த நிலத்துல மனுசனுக்கு மனசுல என்ன நடக்கும்ங்கிறது. குறிஞ்சியில கூடல், முல்லையில காத்திருத்தல், மருதத்துல ஊடல், நெய்தல்ல இரங்கல், பாலையில பிரிவு.

டன்ஜன் மாஸ்டர்கள் கையில வச்சிருக்கிற அட்டவணை மாதிரியேதானே இருக்கு? மலையில நடந்தா எந்த மிருகம் வரும், என்ன மரம் இருக்கும், எந்த நேரம்? எல்லாம் தயார். ஒன்னு ஒரு நிலத்துலேர்ந்து இன்னொன்னுல கலந்தா என்ன பண்றதுங்கிறதுக்கும் விதி இருக்கு. பூவும் பறவையும் அடுத்த நிலத்துக்கு வரலாம், தப்பில்லை. திணை மயக்கம்னு பேர்.

மதுரையில அதை வருசா வருசம் கண்ணால பாக்குறோம். அழகர்மலை அடிவாரத்துல மாயோன், அதாவது முல்லைத் தெய்வம். அதே மலையில மேல பழமுதிர்சோலையில சேயோன், குறிஞ்சித் தெய்வம். அடிவாரத்து ஆளு சித்திரையில கிளம்பி மருத நிலத்து ஆத்துல வந்து இறங்குறாரு. ஆத்துல அப்ப தண்ணியே இருக்காது, பாலையா கிடக்கும். வைகை அணையிலேர்ந்து தண்ணி திறந்து விடுவாங்க. வெக்கை தணியச் சாமி மேல பக்தர்கள் தண்ணி பீய்ச்சுவாங்க. ஒரே திருவிழாவுல நாலு திணை. இதுக்கு மேல என்ன மயக்கம் வேணும்?

பெரிய வித்தியாசம் ஒன்னு இருக்கு. சாண்ட்ஸ்டார்ம்ல நிலம் உன் உசுருப் புள்ளியைக் குறைக்கும். தொல்காப்பியத்துல நிலம் நீ யாருன்னு முடிவு பண்ணும். நீ என்ன தின்ன, எந்தச் சாமியைக் கும்பிட்ட, எந்தப் பறைக்கு ஆடின, யாருக்காகக் காத்திருந்த எல்லாமே நிலம். ஐந்தாம் பதிப்புல 'ரேஞ்சர்'ங்கிற பாத்திரத்துக்கு மட்டும் 'பிடிச்ச நிலம்'னு ஒன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்வாங்க. நம்ம புத்தகத்துல குறவன், ஆயன், உழவன், பரதவன்னு அத்தனை பேரும் ரேஞ்சர்தான்.

*

இலக்கணம் மட்டும்தானா, ஆட்டம் இல்லையான்னு கேப்பீங்க. அதுவும் இருக்கு. சிலப்பதிகாரத்துல காடுகாண் காதை.

கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூணு பேரும் மதுரைக்கு வர்றாங்க. வழியில மாங்காட்டு மறையோன் வழி சொல்றாரு. ஒரு பாதை மூணாப் பிரியுமாம். வலது பக்கம் போனா சிறுமலை வழி. இடது பக்கம் போனா திருமால்குன்றம், அதான் நம்ம அழகர்மலை. அங்க ஒரு பிலம், அதுல மூணு பொய்கை. ஒன்னுல மூழ்கினா ஐந்திர இலக்கணம் வசமாகும், இன்னொன்னுல முன்பிறப்பு தெரியும், மூணாவதுல நினைச்சது கிடைக்கும். உள்ள போறவனை வரோத்தமைங்கிறவ நிறுத்திக் கேள்வி கேப்பா. பதில் சொன்னாத்தான் உள்ள விடுவா. நடுப்பாதை சுலபம், ஆனா அங்க ஒரு கானுறை தெய்வம் வழிப்போக்கரை மயக்கும்.

நான் இதைப் படிச்சுட்டு எழுந்து நின்னுட்டேன். மூணு பாதை, குகை, வரம் தர்ற குளம், காவல் நிக்கிறவளோட கேள்வி, மயக்குற தெய்வம். இதுக்கு மேல ஒரு டன்ஜன் மாஸ்டர் என்ன எழுதணும்? மூணு பேரும் நடுப்பாதையில போறாங்க. தண்ணி குடிக்கப் பொய்கைக்குப் போற கோவலன் முன்னாடி அந்தத் தெய்வம் மாதவியோட தோழி வசந்தமாலை உருவத்துல வந்து அழும். அவன் மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான். அதாங்க, பகடையில 20 விழுந்துச்சு :-)

அந்த வழி சொல்ற இடத்துலதான் பாலைக்கு இலக்கணம் வருது. தொல்காப்பியம் பாலைக்குன்னு தனியா நிலம் ஒதுக்கலை. நானிலம்தான். இளங்கோவடிகள் சொல்றது என்னன்னா, முல்லையும் குறிஞ்சியும் வெயில் காஞ்சு தன் இயல்பு கெட்டுப் போனா அதுக்குப் பேர்தான் பாலை. அதாவது பாலை ஒரு இடம் இல்லை. எந்த இடத்துக்கும் வரக்கூடிய ஒரு நிலைமை.

அமெரிக்க ஆட்டத்துல இதுக்குப் பக்கத்துல வர்றது 1991-ல வெளிவந்த 'டார்க் சன்'. அந்த உலகம் முழுக்கப் பாலை. ஏன்னா மந்திரவாதிங்க மந்திரம் போடுறதுக்குச் செடி கொடியோட உசுரை உறிஞ்சி, மண்ணைச் சாம்பலாக்கிட்டாங்க. நிலத்தைப் பாழாக்காம மந்திரம் போடுறவங்களும் உண்டு, ஆனா அது மெதுவா நடக்கும், கஷ்டம். என்னைக் கேட்டா இதுவரைக்கும் வந்ததுல நம்ம பாலைக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். வெயில் தானா வரலை, யாரோ சம்பாதிச்சதுக்கு இன்னொருத்தன் நிலம் விலை கொடுத்திருக்கு.

*

மதுரையோட சம்பந்தப்பட்ட இன்னொரு கதை. இறையனார் களவியல் உரையில வர்றது. வரலாறு இல்லை, கதைதான். ஆனா சும்மா கடந்து போக முடியாத கதை.

பாண்டிய நாட்டுல பன்னிரண்டு வருசம் பஞ்சம். பாண்டியனால புலவர்களுக்குச் சோறு போட முடியலை. பிழைக்கிற இடத்துக்குப் போங்க, நாடு தேறினதும் வாங்கன்னு அனுப்பி வச்சுட்டான். பஞ்சம் தீர்ந்து மழை பெஞ்சது. ஆள் விட்டுத் தேடினான். எழுத்து தெரிஞ்சவன் கிடைச்சான், சொல் தெரிஞ்சவன் கிடைச்சான், யாப்பு தெரிஞ்சவன் கிடைச்சான். பொருள் இலக்கணம் தெரிஞ்ச ஒருத்தன்கூடக் கிடைக்கலை. அரசன் உடைஞ்சு போயிட்டான். கடைசியில ஆலவாய்ச் சிவனே அறுபது சூத்திரம் எழுதி, செப்பேட்டுல பதிச்சு, பீடத்துக்குக் கீழ வச்சாராம்.

இதைப் பக்திக் கதையா படிக்கலாம். இலக்கண வரலாற்றுக்காகப் படிக்கலாம். எனக்கு இதுல ஒரே ஒரு விசயம்தான் உறுத்துது. பஞ்சத்துல எழுத்தும் சொல்லும் தப்பிச்சுடுச்சு. நிலத்தைப் படிக்கத் தெரிஞ்சவன் மட்டும் திரும்பி வரலை. நிலம் பாலையானா, பாலைக்கு உரியது பிரிவு. போனவனோட சேர்ந்து நிலத்தைப் பத்தின அறிவும் போயிடுது.

*

சரி, இதையெல்லாம் வச்சு ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தா என்னன்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கா பையனும் அவன் கூட்டாளிகள் மூணு பேரும் வீட்டுக்கு வருவாய்ங்க. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பயலுக. ஏற்கெனவே டிராகன் அடிச்சுப் பழகினவய்ங்க.

அஞ்சு பெரிய அட்டை தயார் பண்ணினேன். வரைபடத்துக்கு வைகையே போதும். வருசநாட்டு மலையில பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு 258 கிலோமீட்டர் ஓடுற ஆறு அது. குறிஞ்சியில ஆரம்பிச்சு முல்லை, மருதம் தாண்டி நெய்தலைத் தொடும். கோடையில படுகையே பாலை. ஒரே ஆத்துல அஞ்சு அட்டையும் அடங்கிடுச்சு. ஒவ்வொரு அட்டையிலயும் எட்டுக் கட்டம், கருப்பொருளுக்கு.

விதி ரொம்ப எளிசு. வெயிலுக்கு உசுருப் புள்ளி குறையாது. யாரும் மயங்கி விழ மாட்டாங்க. ஆனா நிலத்துக்கு ஏதாவது கெடுதல் நடந்தா ஒரு கட்டத்தை அடிக்கணும். அஞ்சு கட்டம் அடிபட்டா நிலம் பாலை. பாலையானா அந்த ஊர்லேர்ந்து ஒரு ஆள் கிளம்பணும்.

கதை என்னன்னா, மருத நிலத்துல ஒரு ஊர். கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால்வாயை மேல எங்கேயோ யாரோ மறிச்சுட்டாங்க. தண்ணி வரலை.

"என்ன மாமா, ஒரு பேயி கூட இல்லையா?"ன்னான் அக்கா பையன்.

பேயைத் தேடிக்கிட்டே மூணு சுத்து போச்சு. முதல்ல நாரையை அடிச்சேன். யாரும் கண்டுக்கலை. அடுத்து எருமை. "சரி மாமா, அடுத்து." நெல்லு போச்சு. கொஞ்சம் நிமிர்ந்து பாத்தாய்ங்க. அறுப்பு இல்லாததால பறையும் போச்சு. அஞ்சாவதா தொழில் கட்டத்தை அடிச்சுட்டு, அட்டையைத் திருப்பி வச்சேன். பின்பக்கம் பாலைன்னு எழுதியிருந்துச்சு.

"ஒரு ஆள் ஊரை விட்டுக் கிளம்பணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சத்தமே இல்லை. டிராகன் கையில சாகுறப்பகூட சிரிச்சுக்கிட்டே சாகுற பயலுக. அதுல ஒருத்தன் அதிகம் பேசாதவன். அவங்க அப்பா வெளிநாட்டுல வேலை பாக்குறாரு, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவாரு. அவன்தான் சொன்னான்: "என் ஆளு போறான் மாமா. ஆனா பஸ் ஏத்திவிட எல்லாரும் வரணும்."

பாண்டியர் காலத்துக் கதையில ஏதுடா பஸ்ஸுன்னு யாரும் கேக்கலை. எல்லாரும் போய் ஏத்திவிட்டாய்ங்க.

சங்கப் பாட்டுல தலைவன் பொருள் தேடப் பாலை வழியா போறதை நாம காதல் சோகம்னு படிச்சுட்டுப் போயிடுறோம். உசிலம்பட்டிப் பக்கமோ, ராமநாதபுரம் பக்கமோ ஒரு தெருவுல எத்தனை வீட்டு ஆம்பளைங்க திருப்பூர்ல, துபாய்ல இருக்காங்கன்னு எண்ணினா அது இலக்கியம் இல்லை, நேத்து நடந்ததுன்னு தெரியும். வெயிலோட டேமேஜ் நாலு முகப் பகடையில விழாது. பஸ் ஸ்டாண்டுல விழும்.

அடுத்த வாரம் பயலுக பேயை விட்டுட்டாய்ங்க. "மாமா, கால்வாயை வெட்டுறதுக்கு எத்தனை உருட்டணும்?"னு கேட்டாய்ங்க. தனியா ஒருத்தன் எவ்வளவு உருட்டினாலும் பத்தாத மாதிரி பெரிய எண் வச்சேன். எல்லாருடைய பகடையையும் கூட்டித்தான் அந்த எண்ணைத் தொட முடியும். பக்கத்து ஊரையும் கூப்பிட்டாத்தான் நடக்கும்னு கண்டுபிடிக்க அவய்ங்களுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ஏன்னா இந்தக் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சாத்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி. இதுக்குக் குடிமராமத்துன்னு பேர் இருக்குடான்னு சொன்னேன். 2017-ல அரசாங்கம் அதே பேர்ல ஒரு திட்டமே கொண்டுவந்துச்சு. பேரு புதுசு இல்லை, நாமதான் மறந்திருந்தோம்.

*

விளையாட்டை விடுங்க, நிஜத்துக்கு வருவோம்.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்ச இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு கிராமமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்று, 72 ஏரி குளம், 200 ஊத்து, மூணு தடுப்பணைன்னு பட்டியல் போட்டிருந்தாங்க. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு மாதிரி அரிய வேட்டைப் பறவைகள் இருக்கு. அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு இருக்கு. பாறையில சமணர் படுக்கையும் தமிழி கல்வெட்டும் இருக்கு. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கு. பாறைமேல விழுற மழை சரிஞ்சு ஓடிக் கண்மாய்க்குப் போகும். மலையும் வயலும் ஒட்டிப் பிறந்த இடம்.

2024 நவம்பர்ல, அந்த இடத்தையும் உள்ள சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதின்னு சுரங்க ஏலத்துல போயிருக்குன்னு செய்தி வந்துச்சு. தொகுதியோட பரப்பு 2,000 ஹெக்டேருக்கு மேல. சனங்க கொதிச்சுட்டாங்க. 2025 ஜனவரி 7 அன்னிக்கு மேலூர் பக்கத்துக் கிராமங்களெல்லாம் திரண்டு மதுரை வரைக்கும் வந்தாங்க. அதே மாசம் 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு.

எனக்கு இதுல முக்கியமா பட்டது ரெண்டு காகிதம். ஏலக் காகிதத்துல அந்த நிலத்துக்குத் தொகுதின்னு ஒரு பேர், ஹெக்டேர்ல ஒரு எண், கீழ ஒரு தாது. போராட்டத்துல சனங்க சொன்னது வேற பட்டியல். எங்க சாமி, எங்க மலை, எங்க ஊத்து, எங்க கண்மாய், எங்க வல்லூறு, எங்க வெள்ளாமை. அவங்க எல்லாரும் தொல்காப்பியம் படிச்சாங்களான்னா இல்லை. ஆனா வாயைத் திறந்து சொன்னது முழுக்கக் கருப்பொருள். நிலத்துக்கு ஒரு எண் மட்டும் இருந்தா அதை விக்கலாம். எட்டுப் பேர் இருந்தா விக்குறது கஷ்டம்.

எல்லா இடத்துலயும் இப்படி நல்லபடியா முடியுறதில்லை. மதுரையைச் சுத்தி குளம், ஏந்தல், நேரி, கண்மாய்னு முடியுற ஊர்ப் பேர்களை எண்ணிப் பாருங்க. அதுல எத்தனை இடத்துல இப்ப வீடும் கடையும் மட்டும்தான் நிக்குதுன்னும் பாருங்க. அங்கெல்லாம் பட்டியல் போட ஆள் இல்லாம போச்சு. ஊரையே மருதைன்னுதான் கிராமத்துல இன்னும் சொல்றாங்க. மருத மரம் எது, காட்டுங்கன்னு கேட்டா எத்தனை பேர் காட்டுவோம்?

அமெரிக்கக்காரன் புத்தகத்தைக் குறை சொல்ல இதை எழுதலை. அவன் தனக்குத் தெரிஞ்ச பயத்தை ஒழுங்கா விதியா எழுதி, அச்சடிச்சு, நாலு பேர் விளையாடுற மாதிரி கொடுத்திருக்கான். அதைப் பாத்துத்தான் எனக்கு நம்ம புத்தகமே கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்மகிட்ட இருக்கிறது பரீட்சைக்குப் படிச்சு மறந்த ஒன்னு. அதை மேஜைமேல விரிச்சுப் போட்டா பத்தாவது படிக்கிற பய ஒரு கால்வாயைப் பத்தி ஒரு மணி நேரம் யோசிக்கிறான். எனக்கு அது போதும்.

இப்ப உங்க கிட்ட ஒரு வேலை. உங்க ஊருக்கு ஒரு அட்டை போடுங்க. எட்டே கட்டம்: சாமி, சோறு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். சொந்த ஊரோ, இப்ப இருக்கிற ஊரோ, சிங்கப்பூரோ டொராண்டோவோ, எதுவா இருந்தாலும் சரி. பொதுவா எழுதாதீங்க. உங்க தெருவுல நிக்கிற மரம், உங்க வீட்டுப் பின்னாடி கத்துற பறவை. எது இல்லையோ அதை எழுதி அடிச்சு விடுங்க.

என் அட்டையில யாழ் எப்பவோ அடிபட்டுப் போச்சு, அது எல்லாருக்கும்தான். மரத்துக்கு நேரா வேம்புன்னு எழுதினேன். பறவைக்குக் கொக்கு. தொழிலுக்கு நேரா என்ன எழுதறதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பி.கு: பயலுகளோட ஆட்டத்துல ஊரை விட்டுப் போன ஆளு இன்னும் திரும்பலை. அட்டையில மூணு கட்டம் மீட்டாச்சு, இன்னும் ரெண்டு பாக்கி. நாரை வந்தாத்தான் அவன் வருவானாம். அந்த விதியை நான் போடலை, அவய்ங்களே போட்டது.